மாமிக்கு வந்த டென்னிஸ் வியாதி

எதிர் வீட்டு மாமி தீபாவளி சமயத்தில் நாலு வீட்டுக்கு முறுக்கும் தேன்குழலும் செய்து கொடுத்துக் கொஞ்சம் பணம் பார்ப்பவர். சென்ற வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், காப்பி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. முழங்கையின் வெளிப்புற எலும்பில் 'சுரீர்' என்று வலி.

டாக்டர், "டென்னிஸ் எல்போ" என்றார்.

"டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூடக் கிடையாதே!" என்று சிரித்தார் மாமி. ஆனால் சிரிப்பு வெகு நேரம் நிற்கவில்லை.

1880-களில் இங்கிலாந்தின் டென்னிஸ் ஆட்டக்காரர்களைப் பார்த்து வைத்த பெயர் இது. ஆனால் இந்த வலியால் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்களே. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாண்கள் அந்த எலும்பைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஈரப் புடவையை முறுக்கிப் பிழிந்தாலும், முறுக்கு அச்சைத் திருகினாலும், மாவுப் பாத்திரத்தைத் தூக்கினாலும் இழுபடுவது அந்த இடந்தான். நாளடைவில் நாண் நைந்து போகிறது. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் இதனால் 2004-ல் பல பந்தயங்களை இழந்து, 2005-ல் ஆபரேஷனே செய்துகொண்டார். நம்மில் அநேகருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது.

மாமி கடையில் ஒரு பட்டை வாங்கி, வலிக்கிற எலும்பின் மேலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதுதான் தவறு! எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைச் சதையின்மேல் கட்ட வேண்டும். விரல்கள் மரத்துப் போகும்படி இறுக்கக் கூடாது. வேலை செய்யும்போது கட்டினால் போதும், தூங்கும்போது வேண்டாம். பட்டை நாணின் பாரத்தைக் குறைக்குமே தவிர, நைந்ததைத் தேற்றாது. அதற்கு அப்பியாசம் வேண்டும்.

கையை முன்னால் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். மற்றக் கையால் மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்கி, இருபது எண்ணும் வரை நிறுத்துங்கள். இப்படி மூன்று தடவை. வலி தணிய ஆரம்பித்ததும், முன்கையை மேஜைமேல் வைத்து, மணிக்கட்டு ஓரத்துக்கு வெளியே இருக்க, அரைக் கிலோ பருப்புப் பொட்டலம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கையின் உதவியால் மேலே தூக்கி, பிறகு மெள்ள, மிக மெள்ள இறக்குங்கள். இறக்குவதில்தான் சூட்சுமம்! லேசான வலி இருந்தால் பாதகமில்லை. மறுநாளும் நீடித்தால் எடையைக் குறையுங்கள். விரல்களில் மரமரப்போ, கழுத்திலிருந்து இறங்கும் வலியோ இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

மாமிக்கு ஊசியின் மேல்தான் கண். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகத்தான் கேட்கும். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், போட்டுக்கொள்ளாதவர்களே மேலாக இருக்கிறார்கள் என்கின்றன ஆராய்ச்சிகள். டாக்டர் இதைச் சொன்னதும் மாமி இரண்டு நாள் யோசித்தார். பிறகு பாதி ஆர்டரைத் திருப்பிவிட்டார். அந்தப் பணத்தை நினைத்து இன்றும் அங்கலாய்ப்புத்தான்.

பங்குனியில்தான் அவரால் புடவையைப் பிழிய முடிந்தது. இந்த வருஷம் ஆர்டர் முழுவதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சைத் திருகும் உத்தியோகம் மட்டும் மாமாவுக்கு. தேன்குழல் சற்றுக் கோணல்தான், ருசிக்குக் குறைவில்லை.