கணக்கில் ஏறாத நித்திரை

காரமடைக்கு மேற்கே, வெள்ளியங்காட்டுப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் என் உறவினர் ஒருவர், நேந்திரன் குலை தள்ளிய நாள்முதல் அதை வெட்டி வண்டியேற்றும் நாள்வரை இரவில் பாயில் படுத்தறியாதவர். பரண்மேல் பட்டாசுக் கட்டும் டார்ச் லைட்டுமாக உட்கார்ந்து, காட்டோரத்தில் கிளை முறிகிற ஓசைக்குச் செவிகொடுத்தே பொழுதை விடியவைக்கும் அவர், சென்ற மாதம் நான் போயிருந்த ஒரு நண்பகலில், அடுக்களையில் சம்புடம் ஒன்று கைதவறி விழுந்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்து, வியர்த்த முகத்தோடு மனைவியை வைத வசவைக் கேட்க எனக்கே கூச்சமாயிருந்தது. அந்த அம்மாள் சிந்தினதை அள்ளிக்கொண்டே, “முன்னெல்லாம் இப்படியில்லீங்க, யானை வர ஆரம்பிச்சதுக்கப்புறம் அவிய வேற ஆளாயிட்டாங்க” என்றார்.

ஊரார் இதைக் கோபக்கார சுபாவம் என்பார்கள். சரீர சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. அபாயம் என்று பட்ட மாத்திரத்தில், மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவே உள்ள அமிக்டலா என்னும் பகுதி, யோசனைக்கு அவகாசம் கொடாமல் பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்கிவிட, அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கிறது, கார்ட்டிசால் சுரந்து உடலை உஷார்நிலையில் நிறுத்துகிறது. அபாயம் விலகியதும் துணைப்பரிவு நரம்புகள் அத்தனையையும் தணித்துவிடுவதே இயற்கையின் ஏற்பாடு. ஆனால் தணிவதற்குள் அடுத்த இரவு வந்து, அதற்கடுத்த இரவும் வந்து, நித்திரையின்மையால் நெற்றிக்குப் பின்னே நிதானத்தைக் காக்கும் பகுதியின் பிடியும் தளர்ந்துபோகுமானால், சம்புடமும் யானையும் அந்தச் செவிக்கு ஒன்றாகவே கேட்கின்றன. அவர் யானைக்குக் காவல் இருக்கிறார். அந்த அம்மாள் அவருக்குக் காவல் இருக்கிறார். வைதது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

சுஷ்ருத் ஜாதவ், மான் பருவா என்னும் இருவர், அஸ்ஸாமில் யானைகளோடு போராடும் குடியானவர்களைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பயிர்நஷ்டத்துக்கும் உயிர்நஷ்டத்துக்கும் அப்பால் மனோவியாதி, குடிப்பழக்கம் முதலியவை மறைந்து கிடப்பதை எடுத்துக்காட்டினார்கள். நம்முடைய நிவாரணப் படிவமோ முறிந்த வாழைகளை எண்ணுகிறது. முறிந்த உறக்கத்தை எழுத அதில் இடமில்லை.

யானையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கல்லாறு வழியாக அது தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தில்தான் நாம் வேலியும் கட்டடமும் எழுப்பியிருக்கிறோம். மேட்டுப்பாளையத்துக் கொம்பனுக்குப் ‘பாகுபலி’ என்று சினிமாப் பெயர் சூட்டி, காருக்குள்ளிருந்து அலைபேசியில் படமெடுத்து மகிழ்கிறவர்கள் பரணில் உட்கார்ந்து பார்த்தவர்களல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறவர்கள், அடிவாரக் கிராமங்களில் மட்டுமேனும், “ராத்திரி தூங்கறீங்களா?” என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளலாகாதா? மனநல ஆலோசனைக்கென 2022இல் தொடங்கிய 14416 என்ற எண்ணையும் அப்போதே சொல்லிவிடலாம். காவலை முறைவைத்து நடத்தி, ஆளுக்கு வாரத்தில் சில இரவுகளாவது முழு உறக்கம் கிடைக்கும்படி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைச் சேர்த்துவிடுவதும் வனத்துறைக்கு ஆகாத காரியமல்ல.

அன்று மாலை நான் புறப்படும்போது, வாசல்வரை வந்த உறவினர், “சத்தம் போட்டுட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்று என்னிடம் சொன்னார். உள்ளே அந்த அம்மாள், கழுவின பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சத்தம் எழாமல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.