மழை ஓய்ந்த பின் புறப்படுவோம்

கல்விச் சுற்றுலா என்றவுடன் மாணவியர் உள்ளம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பறந்து விடுகிறது. அக்கரைக்கு இக்கரை பச்சை அல்லவா? ஆனால் பேருந்து புறப்படும் நாளில், பணம் கட்ட இயலாத தோழியர் சிலர் வீட்டிலேயே தங்கி விடுகின்றனர். கம்மாபுரம் வட்டாரத்தில் வாழும் நாம், வெள்ளாற்றின் போக்கிலேயே கிழக்கே சென்று, அது பரங்கிப்பேட்டையில் கடலோடு கலப்பதைக் கண்டு வந்தால் என்ன? இரண்டே நாட்கள் போதும், செலவும் குறைவு, ஒருவர்கூட விடுபட வேண்டியதில்லை.

எப்போது செல்வது? மழையின் அழகை மழையில்தானே காண வேண்டும் என்று சிலர் கூறலாம். அக்கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மேற்கே பெய்த மழைநீரும் வெள்ளாறு, கெடிலம், தென்பெண்ணை, கொள்ளிடம் வழியாக நம் மாவட்டத்தைத் தேடி வருகிறது. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட துயரை நாடறியும். பிறர் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கையில் நாம் வேடிக்கை பார்க்கச் செல்வது பண்பாகாது, பாதுகாப்பும் ஆகாது. தை மாதப் பிற்பகுதியே ஏற்றது. ஆற்றில் நீரும் இருக்கும், களத்தில் சம்பா நெல்லும் இருக்கும்.

முதல் நாள் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் வீராணம் ஏரியையும் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஏரி அது. ‘பொன்னியின் செல்வன்’ கதை தொடங்குவதும் அதன் கரையில்தான். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு அதற்கு நீர் கொணர்கிறது. 2004 முதல் அந்நீர் சென்னை மக்களின் தாகத்தையும் தீர்க்கிறது. மாலையில் சிதம்பரம் சென்று, கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களைக் கண்டு, அங்கேயே இரவு தங்கலாம்.

மறுநாள் பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட காடு அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரத்தை அங்கே காணலாம். தொடத்தான் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் வேகத்தை இக்காடு தணித்ததால், அதன் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. பாடநூலில் பத்து முறை படிப்பதைவிட, படகில் ஒரு முறை பார்ப்பது நெஞ்சில் நிற்கும்.

உணவையும் பாடமாகவே கொள்வோம். பொட்டலச் சிற்றுண்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, சிதம்பரத்தில் மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தைக் கத்தரிக்காய் கொத்சுவுடன் உண்போம். பரங்கிப்பேட்டையில் மீனும் நண்டும் உண்போம். ஆறு கொணரும் வண்டலில் விளைந்தது சோறு. ஆறும் கடலும் கலக்குமிடத்தில் வளர்ந்தது நண்டு. ஓர் ஊரின் உணவை அறிந்தால் அவ்வூரின் மண்ணையும் உழைப்பையும் அறிந்தவராவோம்.

பெண் பிள்ளைகளை வெளியூரில் தங்க வைப்பதா என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. தங்குமிடத்தை முன்னதாகவே சகோதரியர் பார்த்து வரட்டும். தாய்மார் சிலர் உடன் வரட்டும். உயிர்காப்பு உடை அணியாமல் எவரும் படகேற வேண்டாம். ஆடி மாதம் முதலே சிறுசிறு தொகையாகச் சேமித்தால் எந்தக் குடும்பத்துக்கும் சுமையிராது.

நம் ஆற்றை நாமே அறியாவிட்டால் நாளை அதைக் காப்பவர் யார்? பெரியோர் சிந்தித்து அனுமதி அளிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.