நட்சத்திரக் குறி யாருக்கு?

"அது போர்க்காலத்துக் கணக்கு, விடு." அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 1945 ஓட்டப் பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான்.

நேஷனல் லீகில் புரூக்ளின் டாட்ஜர்ஸின் எடி ஸ்டாங்கி 128 ஓட்டங்கள், கூடி ரோசன் 126, பாஸ்டன் பிரேவ்ஸின் டாமி ஹோம்ஸ் 125. அமெரிக்கன் லீகில் யாங்கீஸின் ஸ்னஃபி ஸ்டர்ன்வைஸ் 107. 1942இல் 141 ஓட்டங்கள் எடுத்த டெட் வில்லியம்ஸ் போர்ப்பணியில் இருந்தார். 500க்கும் மேற்பட்ட மேஜர் லீக் வீரர்கள் போர்க்காலத்தில் படைகளில் சேர்ந்தார்கள். ஆகவே இந்தக் கணக்கு தரம் குறைந்தது என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

போடுங்கள். ஆனால் வில்லியம்ஸின் 141க்கு ஏன் அந்தக் குறி இல்லை? அந்த ஆண்டும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலர் மேஜர் லீகில் இல்லையே! அவர்கள் போருக்குப் போயிருக்கவில்லை. கறுப்பர்களாகப் பிறந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

'தகுதி' என்ற சொல்லால் அடிபட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தகுதியை ஆள் பஞ்சம் வந்தபோது பார்க்க வேண்டும். 1944இல் சின்சினாட்டி ரெட்ஸ் 15 வயதுப் பையன் ஜோ நக்ஸ்ஹாலைப் பந்து வீச இறக்கியது. 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்காக ஒற்றைக் கையோடு பீட் கிரே 77 ஆட்டங்கள் ஆடினார். (கிரேயைக் குறை சொல்ல மாட்டேன். உழைத்து வந்தவர்.) பள்ளிச் சிறுவனுக்குக் கூடத் திறந்த கதவு ஜோஷ் கிப்சனுக்குத் திறக்கவில்லை. கறுப்பர்கள் தனியே நடத்திய, அன்று நீக்ரோ லீக் எனப்பட்ட போட்டிகளில் 1943இல் அவருடைய மட்டையடிச் சராசரி 0.466. 2024இல்தான் மேஜர் லீக் அதைத் தன் ஏட்டில் சேர்த்து, ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி என்று ஒப்புக்கொண்டது. கிப்சன் 1947 ஜனவரியிலேயே, 35 வயதில் இறந்துபோனார்.

கறுப்பர்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று 1942இல் ஆணையர் லாண்டிஸ் அறிவித்திருந்தார். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய தோழர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானதுதான். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை தம்பி, வீடு நேற்றே போய்விட்டது."

1945 ஏப்ரல் 16. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான அனுமதியில் கைவைப்பேன் என்று நகரமன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் நெருக்கியதால், பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூன்று கறுப்பின வீரர்களைச் சோதித்துப் பார்த்தது. ஸ்டாங்கி 128 எடுத்த அதே பருவத்தின் தொடக்கம் அது. மூவரும் நன்றாகவே அடித்தார்கள். பிறகு அழைப்பே வரவில்லை. ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959இல்!

மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். 1947இல் டாட்ஜர்ஸுக்கு வந்தார். இரண்டாம் பேஸில் ஸ்டாங்கி நின்றதால் பழக்கமில்லாத முதல் பேஸில் நிறுத்தப்பட்டார். பார்வையாளர்களின் வசவையும் எதிரணியின் வசவையும் வாங்கிக்கொண்டே 125 ஓட்டங்கள் எடுத்தார். இன்னொருவர் சாம் ஜெத்ரோ. 1950இல் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றபோது அந்தப் 'புதுமுக'த்துக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மூன்றாமவர் மார்வின் வில்லியம்ஸ். அவர் மேஜர் லீகில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை.