தொட்டியைக் கழுவிவிட்டு ஃபில்டரைப் பார்க்கலாம்

என் மகளும் மாப்பிள்ளையும் லியோன் பக்கத்தில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு பழைய காம்பிங் கார் ஒன்று வாங்கினார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டி. அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்கிறார்கள். வருகிற ஜூலையில் என்னையும் என் மனைவியையும் அதில் மூன்று வாரம் ஊர் சுற்ற அழைத்துப் போகத் திட்டம். குடிதண்ணீருக்கு எந்த ஃபில்டர் போடலாம் என்று மாப்பிள்ளை மூன்று விளம்பரங்களை அனுப்பி, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றார். மூன்றில் விலை அதிகமானது ஆர்.ஓ. இயந்திரம். அது வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இது எனக்குச் சின்ன விஷயமில்லை. என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து போயிருக்கிறது. தினம் இரண்டு லிட்டராவது தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. நம் வயதில் தாகமே சரியாகத் தெரிவதில்லை. அதோடு தண்ணீரில் பிளாஸ்டிக் வாடையும் அடித்தால் டம்ளரைத் தொடமாட்டாள். கோடை வெயிலில் இரண்டு நாள் அப்படிப் போனாலே ஆஸ்பத்திரிதான்.

நான் கோப்பு நகர்த்தியே தலை நரைத்த ஆள். எந்தக் கொள்முதல் கோப்பிலும் முதல் கேள்வி, "என்ன தேவைக்கு?" என்பது. ஃபில்டருக்கும் அதுவே முதல் கேள்வி. வண்டிக்குள் வருவது என்ன தண்ணீர்? அதில் என்ன குறை?

பிரான்சில் இந்த வண்டிகள் நிற்கும் இடங்களில் தண்ணீர்க் குழாய் மேல் பலகை இருக்கும். 'ஓ பொத்தாப்ல்' என்றால் குடிக்கலாம். 'நோன் பொத்தாப்ல்' என்றால் கழிப்பறைப் பெட்டி கழுவுவதற்கு. அதிலிருந்து தொட்டியை நிரப்பவே கூடாது. குடிக்கும் குழாயில் வருவது ஊருக்கே விநியோகிக்கும், பரிசோதித்த தண்ணீர். அதைக் கெடுப்பது அதற்குப் பிறகு வரும் ஹோஸ், தொட்டி, உள்குழாய்கள். நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வெப்பத்தில் நாள்கணக்கில் தேங்கினால் அதிலிருக்கும் குளோரின் போய்விடும். சுவரில் வழுவழுப்பு படியும், கிருமி பெருகும்.

இந்தக் குறைக்கு ஆர்.ஓ. எதற்கு? அது தண்ணீரில் கரைந்த உப்பை எடுக்கும் கருவி. அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கலாம், கெட்டிலில் வெள்ளையாகப் படியலாம். குடிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. சிறிய ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். வண்டியில் இருப்பதே நூறு லிட்டர்! நல்ல அழுத்தமும் வேண்டும், அதற்குத் தனி பம்ப் தேடவேண்டும்.

புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும், மின்சாரமும் வேண்டும். பீங்கான் கேண்டில் நம் தலைமுறைக்குப் பழக்கமானது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு பஸ்தேரைத் தெரியாமல் இருக்காது. அவரிடம் பணியாற்றிய ஷாம்பெர்லான் 1884இல் பீங்கான் வடிகட்டியை உருவாக்கினார். அது பாக்டீரியாவை நிறுத்தியது. அதையும் தாண்டி ஏதோ ஒன்று நழுவுகிறது என்று பின்னால் கண்டார்கள். அதுதான் வைரஸ். ஆக, எல்லாவற்றையும் பிடிக்கும் சல்லடை என்று கேண்டிலை நம்பிவிடவும் முடியாது.

நான் சிபாரிசு செய்வது எளிய ஏற்பாடு. சமையல் மேடைக்குக் கீழே, தூசு பிடிக்கும் ஒரு கேட்ரிட்ஜ், அதன் பின் ஒரு கார்பன் கேட்ரிட்ஜ். வாடையும் மருந்துச் சுவையும் போய்விடும். சிலர் கார்பனைத் தண்ணீர் நிரப்பும் ஹோஸிலேயே மாட்டுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கார்பன் குளோரினை எடுத்துவிடும். தொட்டிக்குள் காவலுக்கு இருக்கவேண்டியதே அந்தக் குளோரின்தான். காவலாளியை வாசலிலேயே அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து வைக்கலாமா?

எல்லாவற்றுக்கும் முந்தியது தொட்டியைச் சுத்தம் செய்வது. பயணத்துக்கு முன் ஜாவேல் தண்ணீர் போதும். பாரீஸில் ஜாவேல் என்ற இடத்தில் பெர்த்தோலே 18ஆம் நூற்றாண்டில் தயாரித்த அதே சரக்கு. வாசனை சேர்க்காததாக இருக்கவேண்டும். 2.6 சதவீதக் கரைசல் என்றால் நூறு லிட்டர் தண்ணீருக்கு 200 மி.லி. கேட்ரிட்ஜ்களைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்ணீரை எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் நிறுத்தி, வடித்து, வாடை போகும்வரை அலசவேண்டும். சுண்ணாம்பை எடுக்க வினிகர் ஊற்றுபவர்கள் அதை ஜாவேலோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். கேட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். பழைய கார்பன் கிருமிக்குக் குடித்தனம் கொடுத்துவிடும்.

பிரான்சுக்குப் போகாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் மொட்டைமாடித் தொட்டியும் வெயிலில் காயும் பிளாஸ்டிக்தானே! வீட்டுக்கு வரும் விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டி பயமுறுத்துவார். அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியை அளக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு ஏற்புடையது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி உண்டு. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் முதலில் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

அதற்கும் முன்னால், தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் வயதில் ஏணி ஏறவேண்டாம், ஆள் வைத்துக் கழுவினால் போதும்.