பாலத்துக்கு அப்பால் பள்ளிக்கூடம்

ஜாகை மாற்றுவதென்றால் வீட்டில் ஆளுக்கொரு கவலை. புருஷருக்கு வேலையும் வாடகையும். குழந்தைகளுக்குச் சிநேகிதர்களை விட்டுப் போகிறோமே என்ற துக்கம். தாயாருக்கோ, சாமான்களைக் கட்டும்போதே ஒரு கேள்வி மனசை அரிக்கும்: 'போகிற இடத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருக்குமோ?'

இங்கிலாந்திலிருந்து பக்கத்திலுள்ள வேல்ஸுக்குக் குடிபோகும் தாய்மார்களுக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. அங்கே வாழும் நம் பெண்களும் இதற்கு விலக்கல்ல. பிரிஸ்டலிலிருந்து கார்டிஃபுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸெவர்ன் நதிப் பாலங்களில் வசூலித்துவந்த சுங்கமும் 2018 டிசம்பரில் நின்றுவிட்டது. பிரிஸ்டலைவிட அக்கரையிலுள்ள நியூபோர்ட்டில் வீடும் மலிவு. கிளம்பக் கேட்பானேன்! ஆனால் நதியைத் தாண்டினால் பாடத்திட்டம் வேறு, பரீட்சை வேறு, பள்ளிகளைப் பரிசோதிக்கும் அமைப்பும் வேறு. 1999 முதல் வேல்ஸின் கல்வி அதன் சொந்த நிர்வாகத்தில் இருக்கிறது.

வயிற்றைக் கலக்கும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல தேசங்களில் நடத்தும் 'பிஸா' என்ற பரீட்சை ஒன்று உண்டு. 2022-ல் நடந்த அந்தப் பரீட்சையில் கணக்கில் இங்கிலாந்துக்கு 492, வேல்ஸுக்கு 466. வாசிப்பில் இங்கிலாந்துக்கு 496, வேல்ஸுக்கு அதே 466. வித்தியாசம் நிஜமானதுதான்; பூசி மெழுகுவதற்கில்லை.

ஆனால், சகோதரிகளே, உங்கள் குழந்தை தேசத்தின் சராசரியில் போய் உட்காரப் போவதில்லை. ஏதோ ஒரு தெருவிலுள்ள பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பில், ஓர் ஆசிரியையின் முன்னால் உட்காரப் போகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒரே பானையில் வெந்தவை அல்லவே! நல்ல பள்ளியும் சுமாரான பள்ளியும் இரு கரையிலும் உண்டு.

நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் பரிசோதகர்கள் 'மிகச் சிறப்பு', 'நன்று' என்று பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்தி வந்தார்கள். அரசாங்கப் பள்ளிகளுக்கு அது 2024 செப்டம்பரில் நின்றது. வேல்ஸில் எஸ்டின் என்ற அமைப்பு 2022-லேயே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியலையும் அங்கே 2001-ல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே 'இது எத்தனாவது பள்ளி?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. எஸ்டின் வெளியிடும் அறிக்கையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் புகழ்ச்சி வரிகளைவிடச் சிபாரிசுகள் என்ற பகுதிதான் உபயோகம். பள்ளி எதைச் சீர்ப்படுத்த வேண்டும் என்பது அங்கே தெரியும். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். தலைமை ஆசிரியர் மாறியிருந்தால் அது பழைய பஞ்சாங்கம்தான்.

அடுத்தது பாஷை. வேல்ஸின் அரசாங்கப் பள்ளிகளில் பதினாறு வயது வரை எல்லோரும் வெல்ஷ் கற்றாக வேண்டும். சில பள்ளிகளில் அது ஒரு பாடம். சிலவற்றில் ஏறக்குறைய எல்லாப் பாடமுமே அதில்தான். 2021 ஜனத்தொகைக் கணக்கின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்; வடமேற்கே க்வினெட் பகுதியிலோ 64 பேர். போகிற ஊரைப் பொறுத்து யோசனையும் மாறும். சிறு குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டாம். நடுவில் வந்து சேரும் பிள்ளைகளைச் சில வாரங்கள் வெல்ஷிலேயே பழக்கித் தயார் செய்யும் மையங்கள் பல பகுதிகளில் இருக்கின்றன.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பெரிய பிள்ளையைப் பற்றி. பதினாலு வயதிலிருந்து பதினாறு வரை ஜி.ஸி.எஸ்.இ. பரீட்சைக்கான படிப்பு. இங்கிலாந்தில் 9 முதல் 1 வரை எண்களில் மதிப்பிடுகிறார்கள், வேல்ஸில் எழுத்துக்களில். அது போகட்டும், பாடப் பகுதிகளே மாறுகின்றன. வேல்ஸில் சில பாடங்களின் ஒரு பகுதிக்கு முதல் வருஷத்திலேயே பரீட்சை முடிந்துவிடும். இடையில் வந்து சேர்ந்த பிள்ளை, பந்தி பாதி நடந்தபின் இலை போட்டு உட்கார்ந்தவனைப் போல் விழிக்க வேண்டியதுதான். கூடுமானால் அந்த வயதுக்கு முன்பே போங்கள். இல்லாவிட்டால் பரீட்சை முடியும்வரை பொறுங்கள். வீட்டு விலையில் மிஞ்சும் பணம் இதற்கு ஈடாகாது.

விசேஷக் கவனிப்பு தேவைப்படும் குழந்தையானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இங்கிலாந்தில் அதற்கென எழுதித் தரும் திட்டப் பத்திரம் வேல்ஸில் சட்டப்படி செல்லாது. அங்குள்ள முறைப்படி புதிதாகத் தயாராக வேண்டும். மூட்டை கட்டுவதற்கு முன்பே அவ்வூர்க் கவுன்ஸிலுக்கு எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: வேல்ஸில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். சந்தோஷம்தான், ஆனால் சாப்பாட்டை வைத்துப் படிப்பை எடை போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, நேரில் போய்ப் பாருங்கள். விழா நாளில் அல்ல, சாதாரண நாளில். மூன்று கேள்விகள் போதும். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைக்கு என்ன செய்கிறீர்கள்? சென்ற இரண்டு வருஷங்களில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? நடுவில் வந்து சேரும் குழந்தையை முதல் வாரம் யார் கவனித்துக்கொள்வார்கள்? பதில் தயங்காமல், விவரத்தோடு வந்தால் நம்பலாம். 'எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது' என்ற மழுப்பலானால், இன்னொரு பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போகும்போது குழந்தையையும் கையோடு அழைத்துப் போங்கள். திரும்பும் வழியில் நீங்கள் பேசாமல் அதைப் பேச விடுங்கள். அங்கே படிக்கப் போவது அதுதானே!