முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று

மோட்டார் சைக்கிளின் பின் டயர் தேய்ந்துவிட்டது; முன் டயரோ இன்னும் சில காலம் தாங்கும் போலத் தோன்றுகிறது. பின்னுக்கு மட்டும் வேறொரு கம்பெனியின் டயரைப் போட்டுக்கொள்ளலாமா? மும்பையில் மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் சங்க அன்பர்கள் வினவும் கேள்வி இது. போடலாம் என்பதே நம் விடை. ஆயினும், எதில் வேறுபடலாம், எதில் வேறுபடலாகாது என்பதை அறிந்து போடுதல் வேண்டும்.

இரு டயர்களும் ஒன்று போலவே இருக்கவேண்டும் என்பது விதியன்று. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் வண்டியை நம்மில் மூத்தோர் அறிவர். பழைய புல்லட்டுகளின் முன் டயரில் நீளவாக்கில் வரிகள் ஓடும். பின் டயரிலோ கட்டை கட்டையான பிடிப்புகள் இருக்கும். முன் சக்கரத்தின் தொழில் வழிகாட்டுவதும் நிறுத்துவதும். பின் சக்கரத்தின் தொழில் பாரத்தைத் தாங்கி உந்துவது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன் டயரையே சேர்கிறது. தொழில் வேறாகவே அமைப்பும் வேறாயிற்று.

இங்கே பழைய ஸ்கூட்டர் பழக்கம் நம்மை வழி தவறச் செய்யும். அக்காலத்துப் பஜாஜ் ஸ்கூட்டரில் முன், பின், உபரி ஆகிய மூன்று டயர்களும் ஒரே அளவின. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டலாம். மோட்டார் சைக்கிளில் அவ்வாறு இடம் மாற்றலாகாது.

கம்பெனி வேறாக இருக்கலாம். வரிகளின் கோலமும் வேறாக இருக்கலாம். அளவு மட்டும் வண்டியின் கையேட்டிற் கண்டபடியே இருக்கவேண்டும். டயரின் பக்கவாட்டில் 100/90-17 55P என்றிருப்பின், அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம் என்பது பொருள். 55 என்பது 218 கிலோ சுமையையும், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். பார்வைக்கு எடுப்பாக இருக்குமென்று அகலமான டயரை மாட்டினால், வண்டி வளைவிற் சாயும் இயல்பே மாறிவிடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகியுள்ள ஏ.பி.எஸ். அமைப்பு, சக்கரம் சுழலும் வேகத்தை அளந்தே இயங்குவது. அளவு மாறினால் அதன் கணக்கும் பிறழக்கூடும்.

உள்ளமைப்பையும் நோக்குதல் வேண்டும். அளவில் R என்ற எழுத்து இருப்பின் அது ரேடியல் டயர்; மற்றது இழைகள் குறுக்காகப் பின்னிய பயஸ் டயர். முன்னே பயஸும் பின்னே ரேடியலுமாகச் சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. அதனைத் தலைகீழாக்கி, முன்னே ரேடியலும் பின்னே பயஸும் இடுதல் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையிலேயே இருக்கவேண்டும்.

நிற்க. நாம் பெரிதும் அஞ்சுவது கம்பெனி வேற்றுமையை அன்று. பின்னே புதியதும் முன்னே பழையதுமாக ஓடும் வண்டியையே அஞ்சுகிறோம். பின் டயர் விரைவிற் தேய்வதால் அதுவே நம் கண்ணிற் படுகிறது. முன் டயரோ, வரிகள் மறையாமலே ஆண்டுகள் பல கடந்து இறுகிப்போகிறது. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியைச் சமாளிக்கச் சில வேளை இயலும்; முன் சக்கரம் வழுக்கினாலோ நினைப்பதற்குள் வண்டி தரையில் கிடக்கும். முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் சாலையில், மனைவியும் குழந்தையும் உடனிருக்க, அவ்வாறு நேர்ந்தால் என்னாவது?

ஊருக்கு அனுப்பவேண்டிய பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை என மாதந்தோறும் எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் நம்முடையவை. இரண்டு டயர்களையும் ஒருங்கே மாற்றுங்கள் என்று எல்லார்க்கும் கூறுவது எளிது, செய்வது எளிதன்று. ஆகவே முதலில் முன் டயரைச் சோதித்துப் பாருங்கள். பள்ளங்களின் நடுவே உள்ள தேய்மான மேடு வரை ரப்பர் தேய்ந்திருந்தாலும், பக்கங்களில் வெடிப்பு கண்டாலும் மாற்றிவிடுதல் வேண்டும். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்திற் செய்தது. வாங்கும் புது டயரிலும் இவ்விலக்கத்தைப் பாருங்கள்.

முன் டயர் நன்றாயிருப்பின் பின்னதை மட்டும் மாற்றலாம், தவறில்லை. இரண்டும் கெட்டிருந்து கையில் ஒன்றுக்கே பணமிருப்பின், மற்றொன்றும் வாங்கும் வரை ரயிலிலும் பஸ்ஸிலும் சென்று வாருங்கள். புது டயர் பூட்டிய பின் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை அதன் வழுவழுப்பு நீங்காது. அதுவரை வளைவுகளில் நிதானமாகச் செல்வது நலம்.