விற்ற வண்டியைத் தேடுகிறவர்கள்



சச்சின் டெண்டுல்கரின் முதல் கார் மாருதி 800. அந்த வண்டி இப்போது தன்னிடம் இல்லை, யாரிடமாவது இருந்தால் தனக்குத் தெரிவிக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் ஒரு பேட்டியில் கேட்டிருந்தார். உலகத்தில் எந்தக் காரையும் வாங்க வசதியுள்ள மனிதர் தேடியது 796 சிசி வண்டியை. நாகர்கோவிலில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்த எனக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. அப்படித் தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

வீட்டு வண்டியை ஏன் விற்றீர்கள் என்று நாஞ்சில் நாட்டில் கேட்டுப் பாருங்கள். அக்கா கல்யாணம் என்பார்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு. வளைகுடாவில் சம்பாதித்து வந்த மகன் கடனை அடைத்து, வீட்டுக்கு மாடி எடுத்து, எல்லாம் ஒதுங்கிய பிறகு அப்பாவின் அம்பாசடரைத் தேடக் கிளம்புவான். "எதுக்குல இந்த வேண்டாத வேலை" என்று அப்பா திட்டுவார். வண்டி வாசலில் வந்து நின்றால் முதலில் பானெட்டைத் திறந்து பார்ப்பவரும் அவர்தான்.

அன்றைக்குக் கார் வாங்குவது லேசான காரியம் இல்லை. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளே இருந்தன. ஹெரால்டு நம்முடைய வண்டி. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை இருந்தது. பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காத்திருந்து வாங்கியதை ஒரு நாளில் விற்றுவிட்டு வந்த வீட்டில், அந்த வண்டியின் எண் மட்டும் யாருக்கும் மறக்காது. இன்றைக்குக் கையில் உள்ள வண்டியின் எண்ணைக் கேட்டால் யோசிப்பவர், நாற்பது வருடத்துக்கு முந்தைய எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்.

கைவிட்டுப் போனதை மீட்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957இல் மறைந்த பிறகு ஒழுகினசேரியில் உள்ள அவருடைய வீடு ஏலத்துக்கு வந்ததையும், எம்.ஜி.ஆர். அதை மீட்டுக் கொடுத்ததையும் இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் வீடு இருந்த இடத்தில் இருக்கும். வண்டி அப்படியா? களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போயிருக்கும், மூன்று கை மாறியிருக்கும், எண்ணே மாறியிருக்கும். பழைய பதிவுகள் பலவும் கணினியில் ஏறாததால் செயலியில் எண்ணைத் தட்டினாலும் ஒன்றும் வராமல் போகலாம். புரோக்கர்களும் பழைய மெக்கானிக்குகளும்தான் துணை. கிடைத்ததும் எண்ணை நம்பாதீர்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். விற்றவனே திரும்பி வந்திருக்கிறான் என்று தெரிந்தால் விலை ஏறும் என்பதால், பேரத்துக்கு வேறு ஆளை அனுப்புகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு.

பிரபலமாக இருப்பதும் இதில் உதவாது. 'புல்லிட்' (1968) படத்தில் தான் ஓட்டிய போர்டு மஸ்டாங்கைத் தனக்கே தரும்படி நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1977இல் அதன் உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். அந்த உரிமையாளர் தரவில்லை. 2020 ஜனவரியில் ஏலத்தில் அது 37 லட்சம் டாலருக்கு மேல் போனது.

சரி, வண்டி கிடைத்துவிட்டது. பிறகு என்ன செய்வது என்பதில்தான் எனக்குச் சண்டை.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கடல் காற்றும் சேர்ந்த மாவட்டம் இது. தரைத்தகட்டைத் தூக்கினால் துரு உதிரும். டிங்கர் வேலைக்கே பாதிப் பணம் போய்விடும். உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டும். இதையெல்லாம் செய்தவர், பழையபடியே ஒரு திருகாணி மாறாமல் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நான் ஒப்ப மாட்டேன். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மங்கிய முகப்பு விளக்கு, சீட் பெல்ட்டே கிடையாது. அந்த வண்டியில் இன்றைய நான்குவழிச் சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஒயரிங்கை முழுதாக மாற்றுங்கள், பெல்ட் போடுங்கள், ரேடியல் டயர் போடுங்கள், பிரேக்கில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கியரைப் பிடுங்கித் தரைக்குக் கொண்டுவருவது, பெஞ்ச் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பந்தயக்கார் இருக்கை வைப்பது, குரோம் பம்பருக்குக் கறுப்புச் சாயம் அடிப்பது, இதற்கெல்லாம் அந்த வண்டி எதற்கு? வேறு எந்தப் பியட்டும் போதுமே. முன் சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த தங்கை, கதவைத் திறந்ததும் தன் இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குமேல் எதை மாற்றினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சட்டத்துக்கு உண்டு. தயாரித்த நிறுவனம் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருந்தால் 'விஏ' என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம். 2021இல் வந்த விதி இது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். வடசேரி கனகமூலம் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது. எனக்கு என்னவோ, சந்தைக்குப் போகிற வண்டிதான் வண்டி.

விற்காமலே இழப்பதும் நடக்கிறது. இந்தியாவின் முதல் மாருதி 800இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று டெல்லி ஹர்பால் சிங்கிடம் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. 2010இல் ஹர்பால் சிங் இறக்கும்வரை அந்த வண்டி அவரிடமே இருந்தது. அதன்பிறகு வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தது. கடைசியில் மாருதி நிறுவனமே அதைச் சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்தது. சாதாரணக் குடும்பத்து வண்டிக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஷெட்டிலோ மாமரத்தடியிலோ ஓடாத பழைய கார் ஒன்று நிற்கிறதா? பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பழைய ஆர்.சி. புக்கைப் புரட்டி, முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்க்காரர் வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அவர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். விலையையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்